தானப் பொருள் விற்கும் கடையில் ஊழியருக்கு எந்த விதி பொருந்தும்?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நன்கொடைப் பொருள் விற்கும் கடையின் பின்னறையில் வேலையே பல்லைப் பிடித்துப் பார்ப்பதுதான். பை பையாக வந்து விழும். கொட்டி, உதறி, கிழிசல் இருக்கிறதா, பித்தான் எல்லாம் இருக்கிறதா, பிளக்கைச் செருகினால் விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். இது விற்கும், இது கந்தலுக்கு, இது குப்பைக்கு என்று பிரித்து, விற்கும் என்று தோன்றியதற்கு ஒரு விலையைப் போட்டு ஒட்ட வேண்டும். அப்படி ஒரு மேசையில் சில வருடங்கள் நின்றிருக்கிறேன். பிறகு அதே கடைக்கு ஊழியர் கையேடு எழுதும் குழுவில் என்னையும் உட்கார வைத்தார்கள். அங்கே நாங்கள் எதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தோம், நான் எந்தப் பக்கம் நின்றேன் என்பதுதான் இது.

முதலில் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு துணிக்கடையின் கையேட்டை எடுத்து, பெயரை மாற்றி, ஆங்காங்கே 'லாப நோக்கற்ற' என்று தூவிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தோம். மூன்றாம் பக்கத்திலேயே இடித்தது. 'சரக்கு இருப்பில் குறைவு காணப்பட்டால்' என்று தொடங்கும் ஒரு விதி. எங்களிடம் சரக்கு இருப்புக் கணக்கு எங்கே இருக்கிறது? சாதாரணக் கடைக்குள் சட்டை வரும்போதே இன்வாய்ஸோடு வருகிறது. நூறு வந்து, எண்பது விற்று, பதினெட்டு தொங்கினால், இரண்டு எங்கேயோ போய்விட்டது என்று கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். இங்கே வாசலில் பையை வாங்கிய நிமிடத்திலிருந்து விலைச்சீட்டு ஒட்டும் நிமிடம் வரை அந்தப் பொருள் எந்த ஏட்டிலும் கிடையாது. நடுவில் அது காணாமல் போனால், காணாமல் போனதென்றுகூட யாருக்கும் தெரியாது. கொடுத்தவருக்கும் தெரியாது.

அதனால் இந்த மாதிரிக் கடையின் எந்த விதியைப் பார்த்தாலும் முதலில் அந்த வாசலுக்கும் விலைச்சீட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அது எப்படிக் கையாளுகிறது என்றுதான் பார்ப்பேன். மற்ற விதிகள் எந்தக் கடைக்கும் பொது.

இன்னொன்றையும் முன்கூட்டியே தீர்த்துக்கொள்ள வேண்டும்: கடை யாருக்காக நடக்கிறது? 1902-இல் பாஸ்டனில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் போதகர் வசதியான வீடுகளில் பழைய துணியும் சாமானும் சேகரித்தார். வேலையில்லாத ஏழைகளைக் கொண்டே அவற்றைப் பழுது பார்த்து விற்றார். அதுதான் குட்வில் என்ற அமைப்பின் தொடக்கம். அங்கே பொருள் ஒரு சாக்குப்போக்குதான். வேலை கொடுப்பதுதான் தர்மம். பிரிட்டனின் ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 1942-இல் பஞ்ச நிவாரணக் குழுவாகத் தொடங்கி, சில வருடங்களிலேயே ஆக்ஸ்ஃபோர்டின் பிராட் தெருவில் கடை போட்டது. அங்கே விற்ற காசுதான் தர்மம். கடையில் நிற்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். முதல் வகைக் கடையில் ஊழியரே பயனாளி. இரண்டாவது வகையில் ஊழியர் வெறும் அறங்காவலர். ஒரே விதி இரண்டுக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. குட்வில் என்ற ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழேயே 150-க்கும் மேற்பட்ட தன்னாட்சி அமைப்புகள் இயங்குகின்றன. அதனால் 'குட்வில்லில் இப்படித்தான்' என்று யாராவது கூட்டத்தில் சொன்னால், எந்த ஊர்க் குட்வில் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஊழியர் தன் கடையில் வாங்கலாமா?

குழுவில் நாங்கள் அதிக நேரம் சண்டை போட்டது இதற்குத்தான். நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு.

முதல் வழி, முழுத் தடை. வேலை செய்யும் கடையில் ஊழியர் எதுவும் வாங்கக் கூடாது. அதே அமைப்பின் வேறு கிளையில் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம். ஒரே வரியில் எழுதிவிடலாம், விளக்கம் தேவையில்லை, வெளியிலிருந்து பார்ப்பவருக்கும் சுத்தமாகத் தெரியும். 'தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா' என்று கேட்கும் ஊர் வாயை அடைக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. பல கிளைகள் உள்ள அமைப்புக்கு இது ஓரளவு ஓடவும் செய்யும்.

ஒரே கடை வைத்திருக்கும் சிறிய அமைப்புக்கு இது கொடுமை. அங்கே வேலைக்கு வருபவர் பெரும்பாலும் புதுத்துணி வாங்க யோசிப்பவர்தான். குழந்தைக்குக் குளிர்கோட்டு தேவைப்படுகிறது, கோட்டு அவர் கையிலேயே இருக்கிறது, அதை அவரே தேய்த்துத் தொங்க விடுகிறார். வெளியாள் யாரும் வந்து எடுத்துப் போகலாம், அவர் மட்டும் எடுக்கக் கூடாது. அடுத்து நடப்பது தெரிந்ததுதான். மச்சினன் வருவார், பக்கத்து வீட்டுக்காரர் வருவார். போனில் ஒரு படம் போகும், அரை மணியில் ஆள் வந்து நிற்பார். தடை வாங்குவதை நிறுத்தவில்லை. பில்லில் ஊழியர் பெயர் வருவதைத்தான் நிறுத்தியது. விதி போடுமுன் கண்ணுக்குத் தெரிந்தது, விதி போட்ட பின் தெரியாமல் போய்விட்டது. நான் முழுத் தடைக்கு எதிராக ஓட்டுப் போட்டது இதற்காகத்தான்.

இரண்டாவது வழி, காத்திருப்பு. பொருள் விலைச்சீட்டோடு கடைத்தளத்தில் ஒரு முழு வியாபார நாளாவது பொதுமக்கள் பார்வையில் இருக்க வேண்டும். அதன் பிறகு, வேலை நேரத்துக்கு வெளியே, ஊழியர் எல்லோரையும் போல வரிசையில் நின்று வாங்கலாம். வாடிக்கையாளருக்கு முதல் வாய்ப்பு, மிஞ்சினால் நமக்கு. கேட்கவே நியாயமாக இருக்கிறது. விலைச்சீட்டுகள் வாரத்துக்கு ஒரு நிறமாக மாறும் கடை என்றால், எந்தப் பொருள் எந்த வாரம் தளத்துக்கு வந்தது என்பது பார்த்தாலே தெரியும். சீட்டில் தேதியும் போட்டுவிட்டால் சந்தேகமே இல்லை.

இதற்கும் ஒரு ஓட்டை உண்டு. அது எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு நாள் காலணி அடுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கீழ்த்தட்டில் பெரிய பனிக்கால பூட்ஸ்களுக்குப் பின்னால் ஒரு நீல எனாமல் பாத்திரம். மூடி தனியாக, வலது பூட்ஸுக்குள். சீட்டு முறைப்படி ஒட்டியிருந்தது, தேதியும் சரி. பாத்திரம் எப்படிக் காலணி அடுக்குக்கு நடந்து வந்தது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே, எங்களோடு வேலை செய்த பெண் பின்னால் வந்து நின்றாள். "அக்கா, நாளைக்கு எனக்கு லீவு. நாளை மறுநாள் வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டுமே" என்றாள். அவள் திருடவில்லை. விலையைக் குறைத்துப் போடவும் இல்லை. விதியில் சொன்ன ஒரு முழு வியாபார நாளை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தாள். 'பொதுமக்கள் பார்வையில்' என்ற இரண்டு சொற்களை மட்டும் பூட்ஸால் மறைத்துவிட்டாள். காத்திருப்பு விதி வைக்கும் கடை, பொருளை ஒளித்து வைப்பதைத் தனி மீறலாக எழுதி வைக்காவிட்டால், தரைக்கு அருகில் உள்ள எல்லாத் தட்டுகளும் ஊழியர் லாக்கராகிவிடும்.

மூன்றாவது வழி, மேனேஜர் ஒப்புதல். ஊழியர் ஆசைப்பட்ட பொருளை எடுத்துப்போய் மேனேஜரிடம் காட்டுவார். விலையை அவர் போடுவார். பில்லை இன்னொருவர் அடிப்பார். ஒரு நோட்டில் பதிவு விழும். காத்திருக்க வேண்டியதில்லை. நோட்டு இருப்பதால் மூன்று மாதம் கழித்துப் புரட்டினால் யார் எதை எவ்வளவுக்கு எடுத்தார் என்பது தெரியும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதன் கடை வடிவம். ஆனால் முழுப் பாரமும் ஒரே ஆள் மீது விழுகிறது. அந்த மேனேஜருக்கு யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது என்பது விலையில் தெரிய ஆரம்பிக்கும். அப்படி நடக்காவிட்டாலும், நடப்பதாகப் பேச்சு கிளம்பும். மேனேஜரே வாங்கினால் விலை போடுவது யார்? பெரும்பாலான கையேடுகள் இந்த இடத்தில் மௌனமாகிவிடுகின்றன.

நான்காவது வழி, தள்ளுபடி அல்லது மாதாந்தரச் சலுகை. ஊழியருக்கு விலையில் ஒரு பங்கு குறைவு, அல்லது மாதத்துக்கு இத்தனை உருப்படி இலவசம். சம்பளம் குறைவாக உள்ள இடத்தில் இது உண்மையான உதவி, வேலைக்கு வரும் ஒரு காரணமும்கூட. ஆனால் தள்ளுபடி தனியாக நிற்கக் கூடிய விதி இல்லை. விலையைப் போடுபவரே தள்ளுபடியும் பெற்றால் அது இரண்டு தள்ளுபடி. ஒன்று பில்லில் தெரியும், ஒன்று தெரியாது.

விலை போடுவது பற்றிப் பேசும்போது ஒரு சம்பவம் எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். 2018-இல் டெக்ஸாஸின் ஆஸ்டின் நகரில் ஒரு குட்வில் கடையில் மேசைக்கடியில் கிடந்த பளிங்குத் தலைச்சிலையை ஒரு வாடிக்கையாளர் 34.99 டாலருக்கு வாங்கினார். கன்னத்தில் மஞ்சள் சீட்டு. பிறகு விசாரித்தால் அது சுமார் இரண்டாயிரம் வருடப் பழைய ரோமானியச் சிற்பம். ஜெர்மனியின் பவேரியாவில் இருந்த சேகரிப்பிலிருந்து இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காணாமல் போனது. சான் அன்டோனியோ அருங்காட்சியகத்தில் சிறிது காலம் காட்சிக்கு இருந்துவிட்டு ஊர் திரும்பியது. அந்தச் சீட்டை ஒட்டியவரை யாரும் குறை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. நாளுக்கு நூற்றுக்கணக்கில் உருப்படிகள் கையைக் கடக்கும்போது ரோமாபுரியை யார் கண்டார்?

அதே சிலையை, சீட்டு ஒட்டியவரே அன்று மாலை அதே 34.99-க்கு வாங்கிப்போயிருந்தால்? அவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. தோட்டத்தில் வைக்க அழகாக இருக்கிறதென்று எடுத்திருப்பார். ஆனால் 'எனக்குத் தெரியாது' என்று அவர் சொல்வதை உலகத்தில் ஒருவர் நம்பியிருப்பாரா? ஊழியர் வாங்கும் விதியைக் கடையைக் காப்பாற்றும் வேலி என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அது தப்புச் செய்யாத ஊழியரைக் காப்பாற்றும் சாட்சி. விலை போட்ட கை வாங்கவில்லை என்று ஒரு நோட்டு சொன்னால் போதும். அவர் வாய் திறக்க வேண்டியதில்லை.

பிரிட்டனில் இதற்கு இன்னொரு சட்டக் கோணம் உண்டு. அங்கே கிஃப்ட் எய்ட் என்ற வரிச் சலுகையில் சேர்ந்த கொடையாளர் கொண்டுவரும் பொருள், கடையில் தொங்கும்போதும் அவருடையதுதான். கடை அவருடைய முகவராக விற்றுக் கொடுக்கிறது. எவ்வளவுக்கு விற்றது என்று அவருக்குத் தெரிவித்து, அவர் அந்தப் பணத்தை நன்கொடையாகத் தர, அதன் மேல் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் வரியிலிருந்து அமைப்புக்குத் திரும்புகிறது. ஊழியர் ஒரு கேமராவுக்குத் தானே குறைந்த விலை போட்டுத் தானே எடுத்துக்கொண்டால், அந்த விலை கொடையாளர் வீட்டுக்குக் கடிதமாகப் போகக்கூடும். அப்பா வைத்திருந்த கேமரா என்ன விலைக்குப் போயிற்று என்று அவர் அதில் படிக்கக்கூடும். அமெரிக்காவிலோ, வரிவிலக்கு பெற்ற தர்ம அமைப்பின் நிகர வருமானம் அதை நடத்தும் உள்ளாட்களின் சொந்தப் பலனுக்குப் போகவே கூடாது என்பது அடிப்படை நிபந்தனை. அதனால் நிர்வாகக் குழுவினருக்கும் மேனேஜருக்கும் மேசையில் நிற்பவரைவிடக் கடுமையான விதிதான் இருக்க வேண்டும். பல இடங்களில் நடைமுறை தலைகீழ். விதி கீழே இறுகி, மேலே போகப் போகத் தளர்கிறது.

என் தேர்வு: இரண்டாவதையும் மூன்றாவதையும் கலந்து, மேலே சின்னதாக நான்காவது. ஒரு முழு வியாபார நாள் தளத்தில், எதற்கும் பின்னால் ஒளியாமல். பிரித்தவரும் விலை போட்டவரும் அதே பொருளை வாங்கக் கூடாது. அவரவர் கையெழுத்தின் முதலெழுத்து சீட்டின் பின்புறம் இருக்க வேண்டும். பில் வேறொருவர் அடிக்க வேண்டும், நோட்டில் ஏற வேண்டும். இத்தனையும் ஒழுங்காக நடந்தால் மட்டும் ஒரு மிதமான தள்ளுபடி. நகை, கைக்கடிகாரம், கேமரா, ஓவியம் ஆகிய நான்குக்கும் தள்ளுபடி கிடையாது. ஊழியரே பயனாளியாக உள்ள வேலைப்பயிற்சிக் கடையாக இருந்தால் இதோடு ஒன்று சேர்ப்பேன்: வேலைக்குச் சேரும் வாரத்தில் இரண்டு ஜோடி உடையும் காலணியும் இலவசம், அதையும் எழுதிவைத்து. முதல் வாரத்திலேயே அது கிடைத்துவிட்டால் பூட்ஸுக்குப் பின்னால் ஒளிக்கும் தேவை பாதி குறைகிறது.

பையில் கிடைப்பது

கோட்டுப் பையில் பணம் வரும். புத்தகத்துக்குள் போட்டோ வரும். கைப்பையின் உள்ளறையில் ஒருவரின் முழு வாழ்க்கையும் வரும். எடுத்தவருக்கே என்று விடுவது பேச்சுக்கே இடமில்லாதது. கல்லாவில் சேர்ப்பதா, கொடுத்தவரைத் தேடுவதா என்பதில்தான் தேர்வு. சில்லறை என்றால் கல்லா. ஒரு பெயரோ முகவரியோ அடையாள அட்டையோ கூட இருந்தால் தேட வேண்டும். தேடியதை எழுத வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் கண்டெடுத்த நிமிடத்தில் இரண்டாவது ஒருவரைக் கூப்பிட்டு இருவரும் கையெழுத்துப் போடும் பழக்கம் இல்லாவிட்டால் விதி வெறும் காகிதம். பழைய மடிக்கணினியும் போனும் தனி வகை. அவற்றை ஆன் செய்து 'யாருடையது என்று பார்த்தேன்' என்று சொல்லும் நல்ல மனதுக்காரரைத்தான் நான் முதலில் தடுப்பேன்.

தன்னார்வலருக்கும் சம்பள ஊழியருக்கும் ஒரே கையேடா?

ஒன்று போதும் என்பவர்கள் சமத்துவம் பேசுகிறார்கள். இரண்டு வேண்டும் என்பவர்கள் சட்டம் பேசுகிறார்கள். இருவர் சொல்வதிலும் பாதி சரி. பொருளைத் தொடும் விதிகள் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும்; சம்பளம் வாங்காதவர் என்பதால் முதலில் பொறுக்கிக்கொள்ளும் உரிமை வந்துவிடாது. எங்கள் கடையில் அதிகம் மனஸ்தாபம் வந்தது இதனால்தான். இலவசமாக உழைப்பவரிடம் 'அதைக் கீழே வையுங்கள்' என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஒரு வருடம் அப்படியே ஓடிற்று. சொல்லிப் பார்த்த பிறகு, ஒருவர் மட்டும் வருவதை நிறுத்திக்கொண்டார். மற்றவர்கள் 'இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே' என்றார்கள்.

நேரத்தைத் தொடும் விதிகள் இரண்டாகத்தான் இருக்க வேண்டும். அமெரிக்கச் சட்டம் இதில் தெளிவு. 1985-இல் அங்கே உச்ச நீதிமன்றம் ஒரு மத அறக்கட்டளையின் வழக்கை விசாரித்தது. அந்த அமைப்பு பெட்ரோல் பங்க், துணிக்கடை, மளிகைக்கடை என்று பல வியாபாரங்களை நடத்தியது. வேலை செய்தவர்களுக்குக் கூலி இல்லை. உணவு, உடை, இருப்பிடம் மட்டும். அவர்களே வந்து 'நாங்கள் ஊழியர்கள் இல்லை, தொண்டர்கள்' என்று சாட்சி சொன்னார்கள். ஆனாலும் அவர்கள் ஊழியர்கள்தான், குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அவர்களுக்கும் உண்டு என்று தீர்ப்பு வந்தது. அதே சட்டத்தின்படி ஒரு தர்ம அமைப்பின் சம்பள ஊழியர், தான் கூலிக்குச் செய்யும் அதே வகை வேலையை அங்கேயே சும்மா செய்ய முடியாது. ஷிஃப்ட் முடிந்ததும் 'ஒரு அரை மணி நேரம் சேவையாக இருந்துவிட்டுப் போங்களேன்' என்று சிரித்துக்கொண்டே கேட்பது கூலி பாக்கி வைப்பது. நல்ல காரியத்துக்குத்தானே என்ற வாதம் இங்கே எடுபடாது. என்னிடமும் அப்படிக் கேட்டிருக்கிறார்கள், நானும் இருந்திருக்கிறேன். இன்றைக்கு யாராவது என் மேற்பார்வையில் அப்படி இருந்தால் நேரத்தை எழுதச் சொல்வேன், அல்லது வீட்டுக்கு அனுப்புவேன்.

கிளம்பும்போது பையைச் சோதிப்பதும் இதே கணக்கில் வரும். சோதனை தேவையா என்றால், வாசலுக்கும் சீட்டுக்கும் நடுவே கணக்கே இல்லாத கடையில் தேவைதான். வரிசையில் நிற்கும் அந்த நேரத்துக்குக் கூலி உண்டா என்பதில் அமெரிக்காவிலேயே இரண்டு பதில்கள். கூட்டாட்சிச் சட்டப்படி இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. கலிஃபோர்னியா மாநிலச் சட்டப்படி உண்டு என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்னது. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக ஒருவரைச் சந்தேகப்படும் நேரத்துக்கு அவரையே செலவு செய்ய வைப்பது எனக்கு ஒப்பவில்லை. வேலை முடிந்த நேரத்தைப் பதியும் கார்டைத் தட்டுவதற்கு முன் சோதனையை முடித்துவிட்டால் பிரச்சினையே இல்லை. இன்னும் மலிவான வழி, பின்னறைக்குள் சொந்தப் பையே வராமல் லாக்கரை வாசல் பக்கம் வைப்பது.

வருகைக்குப் புள்ளியா, பேச்சா?

புள்ளி முறை தெரிந்ததுதான். தாமதத்துக்கு அரைப் புள்ளி, சொல்லாமல் வராவிட்டால் கூடுதல், ஓர் எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கை, அப்புறம் வேலை நீக்கம். ஆள் பார்க்காது, அதுதான் அதன் பலம். சூப்பர்வைசருக்குப் பிடித்தவரும் பிடிக்காதவரும் ஒரே அளவுகோலில் நிற்பார்கள். தாமதமானவரை உட்கார வைத்துக் காரணம் கேட்கும் பேச்சு முறை ஆள் பார்க்கும். அதுவே பலம், அதுவே பலவீனம்.

வெறும் வருமானத்துக்காக நடக்கும் கடை என்றால் புள்ளி முறையே போதும் என்பேன். சிறையிலிருந்து வந்தவர், நீண்ட காலம் வேலையில்லாமல் இருந்தவர், உடல் அல்லது மனநலச் சவாலோடு முதன்முறை வேலைக்கு வருபவர் என்று இவர்களுக்காகவே நடக்கும் கடையில் புள்ளி முறையைத் தனியாக ஓட விட்டால், யாருக்காகக் கடை திறந்தோமோ அவர்களைத்தான் அது முதலில் வெளியே அனுப்பும். அங்கே புள்ளியை நினைவுக் குறிப்பாக வைத்துக்கொண்டு, எல்லைக்குப் பாதி தூரம் வந்ததும் கட்டாயம் ஒரு பேச்சு என்று எழுதுவேன். சட்டம் காக்கும் விடுப்புக்குப் புள்ளி போடவே கூடாது. அமெரிக்காவின் 1993-ஆம் வருட குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் தகுதியுள்ளவருக்கு வருடத்தில் 12 வாரம் சம்பளமில்லா விடுப்பு தருகிறது; அதை வருகைப் புள்ளியில் சேர்க்க முடியாது. சேர்த்துவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்ளும் மேனேஜர்கள் கெட்டவர்கள் இல்லை, மென்பொருளில் ஒரு பெட்டியைத் தேர்வு செய்ய மறந்தவர்கள்.

மணிக்கு எத்தனை?

பிரிக்கும் மேசையில் மணிக்கு இத்தனை உருப்படி என்று இலக்கு வைப்பதா, வேண்டாமா? துணிக்கு வைக்கலாம், நானும் அப்படி வேலை செய்திருக்கிறேன், கை பழகிவிட்டால் கஷ்டமில்லை. ஆனால் அதே இலக்கைக் குழந்தைச் சாமான், மின்சாதனம், விளையாட்டுப் பொருள் மேசைக்கும் நீட்டினால் ஆபத்து. அமெரிக்காவில் 2008-ஆம் வருடச் சட்டத்துக்குப் பிறகு, தயாரிப்பாளர் திரும்பப் பெற்ற பொருளை விற்பது குற்றம்; பழைய பொருள் கடைக்கும் அது பொருந்தும். பக்கத் தடுப்பு கீழே இறங்கும் தொட்டில்களை 2011 ஜூனிலிருந்து யாரும் விற்கவே கூடாது. இது தெரிந்திருந்தாலும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்பவர் தொட்டிலின் அடியில் உள்ள மாடல் எண்ணைக் குனிந்து பார்க்கமாட்டார். அங்கே எண்ணிக்கையை எடுத்துவிட்டு, 'சரிபார்த்தேன்' என்ற கையெழுத்தை மட்டும் கேட்பதே என் தேர்வு.

இரண்டு வழி இல்லாதது ஒன்று உண்டு. பைக்குள் கையை விடக் கூடாது. தடித்த கையுறை போட்டுக்கொண்டு மேசையில் கவிழ்த்துக் கொட்ட வேண்டும். ஊசி வரும், உடைந்த கண்ணாடி வரும். ரத்தம் வழியாகத் தொற்றும் நோய்களுக்கான அமெரிக்கப் பணியிட விதி 1991-லிருந்து இருக்கிறது. வேலையில் அந்த அபாயம் உள்ளவருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முதலாளி தன் செலவில் போட்டுவிட முன்வர வேண்டும் என்கிறது அது. தன்னார்வலரை இங்கே தனி வகையாகப் பிரித்துப் பார்க்க எனக்கு மனமில்லை. ஊசி சம்பளப் பட்டியலைப் பார்த்துக் குத்துவதில்லை.

உடை விதி, போன் விதி பற்றிக் குழு ஒரு முழுக் கூட்டத்தைச் செலவழித்தது. அது வீண் என்பது என் கருத்து. மூடிய காலணி, பெயர் அட்டை, மேசையில் நிற்கும்போது போன் லாக்கரில். போன் ஏன் என்று கேட்டால், மேலே சொன்ன அந்த ஒரு படமும் அரை மணியில் வந்து நிற்கும் ஆளும்தான் காரணம். கடையில் தொங்கும் உடையைப் போட்டுக்கொண்டு வேலை செய்யக் கூடாது என்ற வரியை நான்தான் சேர்க்கச் சொன்னேன். ஒரு குளிர் நாளில் நானே ஒரு ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடந்துவிட்டு, சீட்டோடு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறேன். மறுநாள் கொண்டுவந்து காசு கட்டினேன். நோட்டில் என் பெயருக்கு எதிரே 'காரணம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கவுன்டரில் இருந்தவர் பேனாவோடு என்னைப் பார்த்தார்.

கடைசியாக மிச்சம் இருப்பது உறவினர் விதி. குடும்பத்தார் வாங்கலாமா? ஒரே வீட்டில் இருப்பவர் என்றால் ஊழியருக்கான அதே விதி. வேறு வீடு என்றால் வாடிக்கையாளர். மச்சினன் எந்த வீடு என்று விசாரிக்கப் போவதில்லை. மேனேஜர் வாங்கினால் விலையை வேறு கிளை மேனேஜர் போட வேண்டும்; வேறு கிளை இல்லாவிட்டால், நிர்வாகக் குழுவில் அந்த மாதம் முறை வருபவர் போட்டு, நோட்டில் கையெழுத்து இட வேண்டும். எங்கள் குழுவில் இந்த வரி ஒரே ஓட்டு வித்தியாசத்தில்தான் நிறைவேறியது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் மேனேஜர் இல்லை.